தகப்பன் பெயர் இருக்க வேண்டிய வரி

மரண அறிவித்தல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இதை ஒளிப்பானேன்? லண்டன் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் நடுவே நெரிபட்டுக்கொண்டிருக்கும் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டுப் பூப்புனித அழைப்பிதழ், கடைகளுக்குப் பெயர்ப்பலகை என்று எல்லாம் செய்கிறோம். ஆனால் செத்தவீட்டுக்காரர் யாராவது வாசலில் தலை காட்டினால் முதலாளி எழுந்து உள்ளே போய்விடுவார். அவர் திருச்சிக்காரர். எங்கள் ஆட்களின் அறிவித்தல் அவருக்குப் பிடிபடவே இல்லை. "இத்தன பேரையும் போட்டே ஆகணுமாங்க?" என்று ஒருமுறை கேட்டார். போட்டே ஆக வேண்டும். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் அந்த வீட்டார் பத்து வருடத்துக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். திட்டு எனக்குத்தான் விழும்.

அறிவித்தலுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதலில் ஊர்: இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர். அடுத்தது தாய் தகப்பன்: காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகன். பிறகு மாமன் மாமி, மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், மைத்துனர்கள், சகலன்மார், பேரப்பிள்ளைகள். கடைசியில் தொடர்புகொள்ள நாலைந்து போன் நம்பர். செத்தவர் என்ன படித்தார், என்ன சாதித்தார், எதற்காக அழுதார் என்று ஒரு சொல்லும் அதில் வராது. அவர் யார் யாருக்கு என்ன முறை என்பது மட்டும் வரும். மனிதனைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அறுபது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் தன் மகளோடு கடைக்கு வந்தார். பிளேஸ்டோவில் இருந்து வருவதாகச் சொன்னார். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"தங்கச்சி, ஒரு அறிவித்தல் அடிக்கவேணும். என்ர அவர் சனிக்கிழமை போயிட்டார்."

கதிரையை இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு வழக்கம்போல் கொப்பியைத் திறந்தேன்.

"அவர் எந்த ஊர் அக்கா?"

"லண்டன்."

"இருந்த இடம் இல்லை. பிறந்த ஊர்."

"பிறந்ததும் லண்டன்தான், தங்கச்சி. அவர் வெள்ளைக்காரர்."

பேனா அப்படியே நின்றது. வெள்ளைக்காரரைக் கட்டிய எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அது ஒரு புதினமே இல்லை. ஆனால் ஒரு வெள்ளைக்காரருக்கு எங்கள் பாணியில், எங்கள் மொழியில் அறிவித்தல் போடச் சொல்லி யாரும் அதுவரை என்னிடம் வந்ததில்லை. "அவையள் இப்பிடிப் போடுறேல்லையே அக்கா" என்றேன்.

"தெரியும். எங்கட ஆக்களுக்குப் போடுற மாதிரியே போடுங்கோ. ஒண்டும் குறைக்க வேண்டாம். அவற்ற பக்கத்தில ஒருத்தரும் இல்லை. ஒரு சொந்தமும் இல்லாத ஆளா அவரை அனுப்ப எனக்கு ஏலாது."

மகள் தாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாமனார் மாமியாராகத் தன் தாய் தகப்பனின் பெயரைச் சொன்னார். இருவரும் இப்போது இல்லை. கூடப்பிறந்தது ஒரே ஓர் அண்ணன், செவன் கிங்ஸில் இருக்கிறார். அவர்தான் இவரை லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இவருக்கு வேலை கிடைத்தது. அங்கே கேர்டேக்கராக இருந்தவரைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளோடு அண்ணன் உறவை அறுத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருசம் தங்கச்சி. ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஆனா மச்சான் மச்சான்தானே. அவற்ற பேரைப் போடுங்கோ."

"கேக்காமல் போட்டா எடுக்கச் சொல்லுவார், அக்கா."

"சொன்னா எடுங்கோ. சொல்லுறாரோ எண்டு பாப்பம்."

தொடர்புக்கு அண்ணனின் வீட்டு நம்பரையும் கொடுத்தார். எதையும் பார்க்காமல் மூச்சு விடாமல் சொன்னார். இந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருநாளும் எடுத்ததில்லையாம். அந்தக் கணத்தில் எனக்கு அந்த அண்ணன் மீது வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. முகம் தெரியாத மனிதர். ஆனாலும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் இருந்தது.

ஆத்திரத்தில் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் தகப்பனின் பெயரை எழுதித் தந்துவிட்டுப் போயிருந்தாள். முதற்பெயர் ஒன்று, அதன்பின் மார்ஷ். எங்கள் ஆட்களுக்குப் பின்னால் நிற்கிற பெயர் தகப்பனின் பெயர். என்னுடைய பாஸ்போர்ட்டில் பின்னால் நிற்பது என் அப்பாதான். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரைத் தூக்கித் தகப்பன் வரியில் போட்டுப் போட்டு என் கைக்கு வேறெதுவும் தெரியாது. யோசிக்கவே இல்லை. "காலஞ்சென்ற திரு. திருமதி மார்ஷ் தம்பதிகளின் அன்பு மகனும்" என்று அடித்து, சரிபார்க்கச் சொல்லிப் பின்னேரம் அந்த அக்காவின் போனுக்கு அனுப்பினேன். ஓம், சரி என்று பதில் வந்தது. அழுதழுது வீங்கிய கண்ணோடு அவர் எதைப் பார்த்திருக்கப் போகிறார்.

மரண அறிவித்தலை எங்கள் சனம் வாசித்துவிட்டு அனுப்புவதில்லை, அனுப்பிவிட்டுத்தான் வாசிக்கும். அக்கா யாரோ ஒருவருக்கு அனுப்ப, அவர் கோயில் குழுவுக்கு அனுப்ப, விடிவதற்குள் அது கனடா வரை போய்விட்டது. கீழே "சரிபார்ப்புக்கு மட்டும்" என்று நான் சிவப்பில் போட்டிருந்ததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை மகள் தனியாக வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பாங்கில் வேலை. உடைந்த தமிழ் என்றாலும் மரியாதை குறையாத தமிழ்.

"அன்ரி, ஒரு சின்ன மிஸ்டேக். சொறி. அப்பாக்கு அப்பா இல்லை."

"காலஞ்சென்ற எண்டுதானே போட்டனான், பிள்ளை."

"இல்லை அன்ரி. இல்லவே இல்லை."

ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தகப்பனின் பிறப்புச் சான்றிதழ். தகப்பன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். பிறந்து சில கிழமைகளில் தாய் அவரை ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு வரவில்லை. மார்ஷ் என்பது தாய் விட்டுப்போன பெயர். அதற்கு மேல் தாயைப் பற்றியும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வெட்கத்தில் என் காது சுட்டது. உலகத்தில் இல்லாத ஒரு மனிதரைத் தகப்பனாக்கி, அவருக்கு மனைவியும் தேடிக் கொடுத்து, இரண்டு பேரையும் சாகடித்தும் விட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்தாள்.

"அப்பா இருந்தா லாஃப் பண்ணியிருப்பார். மார்ஷ் ஒரு ஆள் இல்லை அன்ரி. அது ஒரு இடம்."

அவள் சொன்ன கதையை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, உன் குடும்பப் பெயரின் பொருளைக் கண்டுபிடித்து வா என்று ரீச்சர் வீட்டுவேலை கொடுத்தாராம். தகப்பனும் மகளும் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். மார்ஷ் என்றால் சதுப்பு நிலம். பல நூறு வருடத்துக்கு முன்னால் சேறும் கோரையும் கிடக்கிற ஒரு நிலத்துக்குப் பக்கத்தில் யாரோ வீடு கட்டியிருந்தார். ஊரில் ஒரே முதற்பெயரில் பலர் இருந்ததால் அடையாளத்துக்கு அவரை "சதுப்பு நிலத்தோடு இருக்கிறவர்" என்றார்கள். பிறகு அவரின் பிள்ளைகளையும் அப்படியே சொன்னார்கள். வீடு போய், நிலம் காய்ந்து, சொல் மட்டும் மிஞ்சியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பன் மகளைத் தேம்ஸ் ஆற்றோரம் கோரை வளர்ந்து கிடக்கும் ஓரிடத்துக்குக் கூட்டிப் போனாராம். எங்கள் ஆட்கள் இப்படி ஒரு இடத்தில்தான் இருந்திருப்பார்கள், ஆனால் எந்த இடமென்று கேட்காதே என்றாராம். இருவரும் சேற்றில் நின்று சான்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"அப்பா யங்கா இருக்கேக்க டெலிபோன் டிரெக்டரி எடுத்து எல்லா மார்ஷுக்கும் கோல் பண்ணினவராம், அன்ரி. ஒவ்வொரு பேரா. எல்லாரும் நல்ல ஆக்களாம். பொலைற்றாப் பேசினவையாம். ஆனா ஒருத்தரும் சொந்தம் இல்லை."

எப்படிச் சொந்தமாக இருக்க முடியும்? இந்த நாட்டில் சதுப்பு நிலமா இல்லை. ஒவ்வொரு சதுப்புக்குப் பக்கத்திலும் ஒரு வீடு இருந்திருக்கும். ஒவ்வொரு ஊராரும் மற்ற ஊரைக் கேட்காமலே ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்திருப்பார்கள். டிரெக்டரியில் பக்கம் பக்கமாக ஒரே பெயர் இருந்தும் ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை. எங்களைப் பாருங்கள். என் பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு ஒரு பெயர், சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு இன்னொரு பெயர், எனக்கு வேறு. இமிகிரேஷன்காரனுக்கு நாங்கள் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க உயிர் போய்விட்டது. ஆனால் ஒரு செத்தவீடென்றால் நாற்பது பேரை முறை சொல்லி வரிசையில் நிறுத்துவேன்.

அன்று வேலை முடிந்து நடந்து போகும்போது அந்தப் பெயரே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் வான் வண்டிகளுக்கு எழுத்து ஒட்டக் கொடுக்கும் இங்கிலிஷ்காரர்களின் பெயர்களை நினைத்துப் பார்த்தேன். ஹில், வூட், புரூக். குழாய் திருத்துகிறவர் குன்றடியார், கூரை வேய்கிறவர் காட்டோரத்தார், கண்ணாடி போடுகிறவர் ஓடைக்கரையார். இத்தனை வருடமாக அந்த எழுத்துகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட அவை நிலம் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஈஸ்ட் ஹாம் என்பதில் இருக்கும் ஹாம்கூட நீரும் சதுப்பும் சூழ்ந்த மேட்டு நிலத்துக்கான பழைய சொல் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். நான் அதன் மேல்தான் இவ்வளவு காலமும் மரக்கறி வாங்கப் போய்வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் விளங்கியது. அந்த மாதிரிப் பெயரை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள மாட்டார்கள். என் வீடு சேற்றுக்குப் பக்கத்தில் என்று எவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவான். அது மற்றவர்கள் சொன்னது. தகப்பன் கொடுத்த பெயரல்ல, அயலட்டைச் சனம் கொடுத்த பெயர்.

எங்களுக்கும் இப்படி உண்டு. ஆலடி ஆக்கள், குளத்தடி ஆக்கள், வாய்க்காலடி ஆக்கள். எங்கள் குடும்பத்தைத் தரவையடி ஆக்கள் என்பார்கள். தரவை என்றால் மழைக்கு நீர் நின்று, வெயிலுக்கு உப்புப் பூத்துக் கிடக்கும் வெறும் புல்வெளி. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் புதிய பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஒரு ரீச்சர் "நீ ஊரில எவடம்?" என்று கேட்டார். தரவையடி என்றேன். ஓகோ என்றார். அடுத்த நாள் முதல் வாங்கில் இருந்த என்னைக் கடைசி வாங்குக்கு மாற்றினார். அந்தக் கேள்விக்கு உள்ளே இருப்பது சாதி. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இப்போதும் கடைக்கு வரும் சில பெரியவர்கள் நைசாக அதைக் கேட்பார்கள். நான் ஈஸ்ட் ஹாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த கேள்வி வராது.

இங்கே மார்ஷ் என்றால் எந்தச் சதுப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பெயரில் இருந்த சேறு எப்போதோ கழுவப்பட்டுப் போய்விட்டது. அதில் எனக்குப் பொறாமைதான் வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு, டிரெக்டரியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகச் சுற்றும் ஓர் இளைஞனை நினைத்தேன். பொறாமை போய்விட்டது.

அக்காவுக்குப் போன் எடுத்து, தகப்பன் வரியில் என்ன போடட்டும் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. "பொய் வேண்டாம் தங்கச்சி. அந்த வரியை எடுத்துவிடுங்கோ" என்றார். எடுத்தேன். லண்டனைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர், அதற்கடுத்து உடனே மாமன் மாமியின் அன்பு மருமகன். வாசிக்கும்போது படி ஒன்று குறைந்த மாடி மாதிரி இருந்தது. இனி மனைவி மகளை விட்டால் மிச்சமிருக்கும் சொந்தம் எல்லாம் அக்காவின் பக்கத்துச் சொந்தம்தான். அதில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர், அந்த அண்ணன்.

அவர் புதன்கிழமை காலை கடைக்குப் போன் எடுத்தார்.

"ஆரைக் கேட்டு என்ர பேரைப் போட்டனீங்கள்?"

"உங்கட தங்கச்சி தந்தவ, அண்ணை."

"ஊர் பேர் தெரியாத ஒருத்தனுக்கு என்ர அப்பாவை மாமன் எண்டு போட்டிருக்கிறியள். என்னை மச்சான் எண்டு போட்டிருக்கிறியள். திரு மார்ஷாம், திருமதி மார்ஷாம். அப்பிடி ஒரு தகப்பன் அந்தாளுக்கு இல்லை எண்டு எனக்குத் தெரியும். எல்லாம் பொய்."

தகப்பன் வரி என்னுடைய பிழை என்று ஒப்புக்கொண்டேன், அதை எடுத்துவிட்டதாகவும் சொன்னேன். "அப்ப என்ர பேரையும் எடுங்கோ" என்றார். வாடிக்கையாளரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று முதலாளி ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். நான் சண்டை பிடிக்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"ஓடர் தந்தது அவ. அவ எடுக்கச் சொன்னாத்தான் நான் எடுப்பன். நீங்கள் அவவோட கதையுங்கோ."

போனை வைத்துவிட்டார். உள்ளே இருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னங்க, எடுத்துட்டா முடிஞ்சுது. எதுக்கு வம்பு?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவே சொல்லியிருந்தாரே, சொன்னால் எடுங்கோ என்று. ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. செத்தவீடு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான். கார்ட் அடிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு ஓடரை ஒரு பக்கமாக வைத்தேன். அக்காவிடம் இதைச் சொல்லவும் இல்லை. அது சரியா பிழையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை பதினொரு மணி போல எழுபது தாண்டிய ஒருவர் கடைக்குள் வந்தார். நல்ல கோட், கழுத்தில் மப்ளர், மூன்று நாள் தாடி. "நான் புதன்கிழமை கதைச்ச ஆள்" என்றார். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ கதிரையில் பொத்தென்று விழுந்தார்.

"பிள்ளை, நீர் என்ர வீட்டைச் செத்தவீடாக்கிப் போட்டீர்."

எனக்கு விளங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை தொடங்கினது. சனம் வருது. அந்த அறிவித்தலில என்ர வீட்டு நம்பர் கிடக்கு. தங்கச்சி வீடு ஒருத்தருக்கும் தெரியாது, என்ர வீடு எல்லாருக்கும் தெரியும். கோயில் ஆக்கள், முந்தி என்ர கடையில வேலை செய்தவை, என்னோட ஒண்டாப் படிச்சவை. செத்தவீட்டில அடுப்பு மூட்டக் கூடாதெண்டு இடியப்பமும் புட்டும் சோறு கறியுமாச் சட்டி சட்டியாக் கொண்டு வந்து வைக்கினம். பிரிட்ஜில இடமில்லை. மனிசி அடுப்புப் பத்தவைச்சு நாலு நாள்."

சிரிப்பு தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். "இது எங்கட செத்தவீடு இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"என்னெண்டு சொல்லுறது? கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகினம். பிறகு கேள்வி கேக்கினம். என்ன வருத்தத்தில போனவர், எத்தினை வயசு, எப்பிடிப்பட்ட ஆள் எண்டு. எனக்கு என்ன தெரியும்? மச்சான் செத்துப்போனான், ஆனா அவனைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுறதோ?"

தான் மச்சான் என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"நேற்று ஒரு பிள்ளை வந்தவள். பிளேஸ்டோவில படிச்சவளாம். சின்ன வயசில வந்த புதுசில இங்கிலிஸ் ஒரு சொல்லும் தெரியாமல் பள்ளிக்கூடக் கேற்றடியில அழுதுகொண்டு நிண்டாளாம். கேர்டேக்கர் வந்து, 'சாப்பிட்டியோ பிள்ளை' எண்டு தமிழில கேட்டவராம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டவராம். இதை என்ர வீட்டுச் சோபாவில இருந்து எனக்குச் சொல்லி அழுகிறாள். தங்கச்சிதான் படிப்பிச்சிருப்பாள். சாப்பிட்டியோ எண்டு கேக்கிறது அவளின்ர பழக்கம்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொன்னேன். அறுபத்தேழு வயது. இருதய நோய். ஒரு மகள். பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர்.

"அது தெரியும். அப்பவே விசாரிச்சனான். தகப்பன் பேர் இல்லையெண்டு தெரிஞ்சுது. அதோட விட்டிட்டன். ஆளைப் போய்ப் பாக்கேல்லை."

"இருக்கிற பேரை விசாரிச்சியளோ?"

"அதில என்ன கிடக்கு?"

சதுப்பு நிலத்தைப் பற்றிச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், கொஞ்சம் குத்தட்டும் என்று. அவர் சுடச்சுடக் கேட்டார், எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்பதுபோல: "எந்த இடத்துச் சதுப்பு?"

"ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை. அவருக்கும் தெரியாது. தேடினவர். டெலிபோன் புத்தகத்தில இருந்த மார்ஷ் எல்லாருக்கும் போன் எடுத்துக் கேட்டவராம்."

"எல்லாருக்குமோ?"

"ஓம்."

"ஒருத்தரும் அம்பிடேல்லையோ?"

"இல்லை."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். மேசையில் கிடந்த திருத்திய அறிவித்தலை இழுத்து எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார். தகப்பன் வரி இல்லாத இடத்தில் விரல் ஒருமுறை நின்றது. பிறகு மாமன் மாமி. பிறகு மனைவி, மகள். பிறகு மைத்துனர் என்ற வரியில் தன் பெயர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, தொடர்பு நம்பர்கள்தான்.

"இவ்வளவுதானோ?" என்றார்.

"இவ்வளவுதான்."

நான் கணினியை அவர் பக்கம் திருப்பினேன். கோபம் எனக்குத் தீர்ந்து போயிருந்தது. உண்மையாகவே அவர் விருப்பம்தான் என்று நினைத்தேன். "பேரை எடுக்கிறதெண்டா இப்பவே எடுக்கலாம் அண்ணை. கார்ட் இன்னும் அடிக்கேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மப்ளரின் நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சின்ர வீடு எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

செவன் கிங்ஸுக்கும் பிளேஸ்டோவுக்கும் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. வாடிக்கையாளரின் விலாசத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு அந்த அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, கடையில ஒராள் நிக்கிறார். உங்கட வீட்டுக்கு வழி கேக்கிறார்."

"ஆர், தங்கச்சி?"

போனை அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அந்தப் பக்கத்தில் அக்கா ஹலோ ஹலோ என்பது எனக்கே கேட்டது.

"நான் கொண்ணை, உன்ர அண்ணன்" என்றார்.

அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்காமல் இருக்க நான் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நெடுநேரம் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சாப்பாடு கனக்கக் கிடக்கு பிள்ளை. உனக்கு வந்த சாப்பாடு, என்ர வீட்டில கிடக்கு. இண்டைக்கே கொண்டு வாறன்."